மலை ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணி நர்ஸ்கள்: ஆபத்து முதல் 12 வாரத்தில், சலுகை கடைசி 10 வாரத்தில்

தியேட்டர்_சிஸ்டர் (குன்னூர்)

வணக்கம். குன்னூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். நம்மில் கர்ப்பமாக இருக்கிறவர்கள் செய்யும் வேலையைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேசவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதம் முடிகிறவரை வெளியில் சொல்லமாட்டார்கள். கண் பட்டுவிடும், நிலைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று அம்மாவும் சொல்வார், மாமியாரும் சொல்வார். வீட்டுக்கு அது சரி. ஆனால் அந்த மூன்று மாதமும் அந்தப் பெண் தியேட்டரில் எல்லா வேலையும் செய்கிறாள். வயிறு தெரிந்த பிறகுதான் "நீ உட்காரும்மா, நான் தூக்குகிறேன்" என்கிறோம்.

எங்கள் கருவி கழுவும் அறை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு கட்டில் போடும் அளவு இடம். லேப்ராஸ்கோப்பை (வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் கருவி) சைடெக்ஸ் என்ற கிருமிநீக்கத் திரவத்தில் ஊறப்போடும் ட்ரேயின் மூடி விரிசல் விட்டதால், மேலே தியேட்டர் துணியை நான்காக மடித்துப் போட்டு மூடியிருக்கிறோம். ஜன்னல் இருக்கிறது. ஆனால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை யாரும் திறப்பதில்லை. குளிர்காற்று வராமல் இருக்க இடுக்கில் பஞ்சு ரோலைச் செருகியிருக்கிறோம். மூலையில் ஹீட்டர். கதவைத் திறந்தால் முதலில் கண் எரியும், அப்புறம் தொண்டை கரகரக்கும்.

எங்கள் குழுவில் இரண்டு பேருக்குக் கரு கலைந்தது. இந்த அறைதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் அந்த நாட்களில் அந்த அறையில்தான் நின்றார்கள். இதைப் பற்றி என்ன தெரியும், உங்கள் இடத்தில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

மேல்மலை_நர்ஸ்

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொன்ன "மூன்று மாதம்" எங்களுக்கும் அப்படியே பொருந்தும். சொல்லாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒப்பந்தத்தில் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். கண் படுவதைவிட அந்தப் பயம்தான் பெரிது.

காலையில் பூம்பாறைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு சிஸ்டர் மசக்கையோடு ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே வருவார். பாலிதீன் பையைக் கைப்பையில் வைத்திருப்பார். வந்து முகம் கழுவிவிட்டு நேராக ஊசி போடும் மேஜைக்குப் போவார். பஸ்ஸில் உடன் வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும், டியூட்டி போடுகிறவருக்கு மட்டும் தெரியாது.

கோத்தகிரி_டாக்டரம்மா

மகப்பேறு மருத்துவர். தியேட்டர்_சிஸ்டர் கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும்.

முதலில் ஒரு விஷயம். எந்த வேலையும் செய்யாத பெண்ணுக்கும் கருச்சிதைவு நடக்கும். உறுதியான கர்ப்பங்களில் பத்தில் ஒன்று கலைவது சாதாரணம், பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். ஆகவே கலைந்துபோன யாரும் "நான் டியூட்டிக்குப் போனதால்தான்" என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். வேலை அந்த வாய்ப்பைக் கூட்டுகிறதா என்பதுதான் கேள்வி. சில வேலைகள் கூட்டுகின்றன.

அமெரிக்காவில் 1976-இல் தொடங்கி இன்றுவரை நர்ஸ்களை வைத்தே பெரிய ஆய்வு நடக்கிறது. அதன் இரண்டாவது தொகுதி 1989-இல் தொடங்கியது. அதில் சுமார் 7,500 கர்ப்பங்களை எடுத்துப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் புற்றுநோய் மருந்துகளைக் கையாண்டவர்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. முதல் குழந்தைக்குக் காத்திருந்தவர்களுக்கு அதைவிடவும் அதிகம். அதே முதல் மூன்று மாதத்தில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ரசாயனங்களோடு வேலை செய்தவர்களுக்கு 12 வாரத்துக்கும் 20 வாரத்துக்கும் இடையில் கலையும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. இதற்கு முன்பே 1980-களில் பின்லாந்து ஆஸ்பத்திரிகளில் கருவிகளைக் கிருமிநீக்கும் எத்திலீன் ஆக்ஸைடு வாயு பற்றியும் புற்றுநோய் மருந்து பற்றியும் இதே திசையில் முடிவுகள் வந்திருக்கின்றன.

நைட் டியூட்டி பற்றி 2019-இல் டென்மார்க்கில் 22,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது, அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி ஊழியர்கள். 8 வாரத்துக்குப் பிறகு, ஒரே வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நைட் பார்த்தவர்களுக்கு அடுத்த வாரத்தில் கருச்சிதைவு வாய்ப்பு சுமார் 32 சதவீதம் கூடியது. நம் மலையில் ஆள் குறைவான ஆஸ்பத்திரிகளில் தொடர்ந்து ஆறு நைட் போடுகிறார்கள்.

இவையெல்லாம் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள், ஒவ்வொருவருக்கும் இதுதான் காரணம் என்று நிரூபிப்பவை அல்ல. ஆனால் கண் எரிகிற அறையில் கர்ப்பிணியை நிற்கவைக்கலாமா என்று முடிவு செய்ய இவ்வளவு போதும்.

இன்னொன்று. குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கடைசி மாதவிலக்கிலிருந்து ஆறாவது வார வாக்கில் மூடிவிடும். நாள் தள்ளிப்போய் கிட் வாங்கிப் பார்க்கும்போது பாதி முடிந்திருக்கும். அதனால்தான் ஃபோலிக் அமிலம் மாத்திரையைக் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்கச் சொல்கிறோம்.

சிறு_ஆஸ்பத்திரி_நிர்வாகம்

ஒரு எதிர்க் கருத்து. கோபப்படாமல் படியுங்கள். ஊட்டிப் பக்கம் பத்துக் கட்டில் ஆஸ்பத்திரி நடத்துகிறேன். நர்ஸ்கள் பெரும்பாலும் கல்யாண வயதில் இருக்கும் பெண்கள். ஒரே சமயத்தில் இரண்டு பேர் கர்ப்பமானால் நைட்டுக்கு யாரைப் போடுவது? கீழே கோயம்புத்தூரில் சம்பளம் அதிகம் என்பதால் மலைக்கு ஏறி வர யாரும் தயாராக இல்லை. மே மாதம் சீசனில் சுற்றுலாக்காரர்களின் விபத்து கேஸ் வேறு. எனக்கும் இரண்டு பெண் குழந்தைகள் உண்டு, இரக்கம் இல்லாதவன் இல்லை. வழி தெரியாமல்தான் கேட்கிறேன்.

தியேட்டர்_சிஸ்டர் (குன்னூர்)

சார், நேராகக் கேட்டதற்கு நன்றி. பெரும்பாலான இடங்களில் இதைக் கேட்கவே மாட்டார்கள்.

நைட்டுக்கு ஆள் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கருவி அறைக்கு ஆள் மாற்றுவது மட்டும் வழியில்லை சார். டாக்டரம்மா சொன்னதைப் பாருங்கள். கர்ப்பம் என்று அவளுக்கே தெரிவதற்கு முன்பே நாட்கள் போய்விடுகின்றன. பெண்ணை மாற்றுவதைவிட அறையை மாற்றவேண்டும். அறை சரியாக இருந்தால் யார் நின்றாலும் பரவாயில்லை. நாளைக்கு யார் கர்ப்பமாக இருப்பார் என்று யாரும் கேட்கவும் வேண்டாம்.

பெருமாள்மலை

நான் நர்ஸ் இல்லை. என் மனைவி நர்ஸ். பாதரசம் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

கொடைக்கானல்காரர்களுக்குப் பாதரசம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் பதினைந்து வருடம் போராடி 2016-இல்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். இந்த ஊரிலேயே இன்னும் சில கிளினிக்கில் சுவரில் பாதரச பி.பி. கருவி தொங்குகிறது.

ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது சுமார் ஒரு கிராம். பழைய பி.பி. கருவியில் அதைப்போல் எண்பது, நூறு மடங்கு. உடைந்தால் என்ன செய்கிறார்கள்? துடைப்பத்தால் பெருக்குகிறார்கள், அது இன்னும் பொடிப்பொடியாக உடைந்து தரை இடுக்கில் போய்விடும். அந்த அறையில் ஹீட்டர் போட்டு ஜன்னலையும் சாத்தினால் ஆவி முழுக்க உள்ளேயே நிற்கும். பாதரச ஆவி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும்.

செய்யவேண்டியது: கர்ப்பிணி உடனே அந்த அறையை விட்டு வெளியே போகவேண்டும். ஹீட்டரை நிறுத்து, ஜன்னலைத் திற. துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் வேண்டாம். இரண்டு கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்றாகத் தள்ளி, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, தண்ணீர் உள்ள மூடி போட்ட பாட்டிலில் போடவேண்டும். மின்னும் பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்கலாம். சிங்க்கில் ஊற்றவே கூடாது. பாதரசத் தெர்மாமீட்டரையும் பி.பி. கருவியையும் 2020-க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா ஒப்பந்தம் சொல்கிறது. 2018-இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது.

மேல்மலை_நர்ஸ்

பெருமாள்மலை அண்ணா, ரொம்ப நன்றி. எங்கள் அறையில் ஒன்று தொங்குகிறது. நாளைக்கே இறக்கச் சொல்கிறேன்.

விதி_தெரிந்தவர்

தொழிற்சங்க வேலை செய்கிறேன். இழையின் தலைப்பைப் பார்த்ததும் சட்டம் பற்றி எழுதத் தோன்றியது, ஏனென்றால் தலைப்பு சட்டத்தின் ஓட்டையையே சொல்கிறது.

1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ, நீண்ட நேரம் நிற்கும் வேலையோ, கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய வேலையோ கொடுக்கக்கூடாது. நல்ல விதி. ஆனால் அது எப்போது? பிரசவ தேதிக்கு முந்தைய ஆறு வாரமும், அதற்கு முந்தைய ஒரு மாதமும். அதாவது கடைசி 10 வாரம் மட்டும். ரசாயனமும் மருந்தும் அதிகம் பாதிக்கிற முதல் 12 வாரத்துக்கு அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை. 2025 நவம்பரிலிருந்து அதற்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இருக்கிற உரிமைகளையாவது விடாதீர்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு, மூன்றாவதிலிருந்து 12 வாரம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். தனியார் ஆஸ்பத்திரிக்கும் உண்டு, ஒப்பந்தத்தில் இருக்கிறோம் என்பதால் இல்லாமல் போகாது. கருச்சிதைவு ஆனால் ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு. இது பலருக்குத் தெரியாது. இரண்டு நாள் படுத்துவிட்டு மூன்றாம் நாள் டியூட்டிக்கு வந்து நிற்கிறார்கள். கர்ப்பத்தால் வரும் நோய்க்கு மேலும் ஒரு மாதம். மகப்பேறு லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால் லீவுச் சம்பளம் இ.எஸ்.ஐ. தரும், நிர்வாகத்துக்கு அந்தச் செலவே இல்லை. தமிழக அரசின் நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம்.

எதையும் வாயால் கேட்காதீர்கள். ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

சிறு_ஆஸ்பத்திரி_நிர்வாகம்

கருச்சிதைவுக்கு ஆறு வாரம் என்பது எனக்கே புதிது. இ.எஸ்.ஐ. விஷயத்தை ஆடிட்டரிடம் கேட்கிறேன்.

பந்தலூர்_வி.எச்.என்.

எல்லோரும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பேசுகிறீர்கள். கிராம சுகாதார செவிலியர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

எங்கள் வேலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகளிலும் பாடிகளிலும். தடுப்பூசி பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு எஸ்டேட் வழியாக ஏறி இறங்கவேண்டும். தேயிலைக்கு மருந்து அடிக்கிற நாளில் பாத்தி நடுவே நடந்து போனால் சேலை முந்தானை நனைந்துவிடும். கர்ப்பிணியாக இருந்தபோது நான் கங்காணியிடம் முந்தின நாளே கேட்டுவிடுவேன், நாளைக்கு எந்தப் பகுதியில் மருந்து என்று. அந்தப் பக்கம் அன்றைக்குப் போகமாட்டேன். பெரும்பாலான எஸ்டேட்டில் கேட்டால் சொல்வார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியைத் தனியாகத் துவைக்கவேண்டும்.

அப்புறம் யானை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்தப் பாதையில் யாரும் நடப்பதில்லை. ஆறு மாத வயிற்றோடு ஓட முடியுமா? மீட்டிங்கை மதியம் மூன்று மணிக்கு வைத்து இருட்டும் வேளையில் திருப்பி அனுப்புவதை முதலில் நிறுத்தவேண்டும். இதற்குப் பணமே செலவில்லை.

மற்ற பெண்களின் கர்ப்பத்தை முதல் மாதத்திலேயே பதிவு செய்யச் சொல்லி வீடு வீடாகப் போகிறவர்கள் நாங்கள். எங்களுடையதை மட்டும் மறைக்கிறோம்.

கோத்தகிரி_டாக்டரம்மா

பந்தலூர் சிஸ்டர் சொன்ன கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். அதுதான் நடக்கிறது.

தனிச்செய்தியில் மூன்று பேர் எக்ஸ்-ரே பற்றிக் கேட்டிருந்தார்கள். இங்கே பயம் தேவைக்கு அதிகமாக இருக்கிறது. வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும் எக்ஸ்-ரே எடுக்கும்போது இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே உங்கள் மேல் படுவது மிகமிகக் குறைவு. கருவுக்கு 50 மில்லிகிரே கதிர்வீச்சுக்குக் கீழே கருச்சிதைவோ குறைபாடோ கூடுவதாகக் காணப்படவில்லை, வார்டில் அதன் பக்கத்தில்கூட நீங்கள் போகப்போவதில்லை. நோயாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையை மட்டும் வேறொருவர் செய்யட்டும்.

எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்-ரே காட்டும் கருவி) பக்கத்தில் தினமும் நிற்பது வேறு. அங்கே ஈய ஏப்ரன் வேண்டும், மேலே பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, கதிர்வீச்சுப் பணியாளர் கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு மீதி கர்ப்பகாலம் முழுவதற்கும் கருவுக்கு 1 மில்லிசீவெர்ட் தான் எல்லை. "தெரிவித்த பிறகு" என்பதைக் கவனியுங்கள். சொல்லாவிட்டால் அந்தப் பாதுகாப்பு தொடங்காது.

நான் அதிகம் பயப்படுவது தொற்றுக்குத்தான். சின்னம்மை போட்ட குழந்தை ஓ.பி.-க்கு வரும், மலையில் அம்மையை வீட்டிலேயே வேப்பிலை போட்டுப் பார்ப்பதால் ஆஸ்பத்திரிக்கு வரும்போது முற்றியிருக்கும். உங்களுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா, தடுப்பூசி போட்டதா என்று தெரியாவிட்டால் அந்த அறைக்குப் போகாதீர்கள். போய்விட்டால் உடனே வந்து சொல்லுங்கள், 10 நாளுக்குள் எதிர்ப்புப் புரத ஊசி போடலாம். ருபெல்லா, சின்னம்மை தடுப்பூசிகளைக் கர்ப்பத்துக்கு முன்பே போட்டு ஒரு மாதம் இடைவெளி விடவேண்டும், கர்ப்பத்தில் போடக்கூடாது. ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ் கர்ப்பத்திலும் போடலாம். ஊசி குத்திவிட்டால் "கர்ப்பமாக இருக்கிறேன், மாத்திரை வேண்டாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம்தான் வரம்பு, கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம்.

லேபர்_வார்டு

மேற்கோள்: "புற்றுநோய் மருந்துகளைக் கையாண்டவர்களுக்கு…"

டாக்டரம்மா, இதைப் படித்ததும் "எங்களிடம் கேன்சர் வார்டே இல்லை" என்று எங்கள் சிஸ்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் ஊசி லேபர் வார்டில்தானே போடுகிறோம்? அதுவும் அதே வகை மருந்துதானே? பெரும்பாலும் சாதாரண ஊசி மாதிரியே உடைத்து ஏற்றுகிறோம். ஒரு கையுறை, சில நேரம் அதுவும் இல்லை.

கோத்தகிரி_டாக்டரம்மா

மிகச் சரி. அதே வகைதான், கருவை நிறுத்துவதற்காகவே கொடுக்கிற மருந்து. கர்ப்பிணியோ கர்ப்பத்துக்கு முயல்கிறவரோ அதை ஏற்றவேண்டாம். மற்றவர்கள் இரண்டு கையுறை, நீளக்கை கவுன் போட்டு ஏற்றட்டும். சிரிஞ்சிலிருந்து காற்றை வெளியே பீய்ச்சக்கூடாது. போட்ட நோயாளியின் சிறுநீர், வாந்தியை 48 மணி நேரம் கையுறையோடுதான் கையாளவேண்டும், இதை ஆயாம்மாவுக்கும் சொல்லவேண்டும். மூட்டுவாதத்துக்கு அதையே மாத்திரையாகக் கொடுக்கிறார்கள், அதைப் பாதியாக உடைக்காதீர்கள். பிரசவ வலி வரவைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையையும் வெறும் கையால் பொடிக்கவேண்டாம்.

லேபர்_வார்டு

ஆயாம்மாவை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. ரொம்ப நன்றி.

தியேட்டர்_சிஸ்டர் (குன்னூர்)

இந்த இழையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் எங்கள் நர்சிங் சூப்பிரண்டெண்ட் மேடத்திடம் பேசினேன். பழைய ஆள், கண்டிப்பானவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "மூன்று மாதம் சொல்லக்கூடாது என்றால் ஊருக்குச் சொல்லவேண்டாம், எனக்கு மட்டும் சொல்லட்டும். நான் டியூட்டி சார்ட்டில் காரணம் எழுதமாட்டேன்" என்றார். கருவி அறை, சி-ஆர்ம், மெத்தோட்ரெக்ஸேட் ஆகிய மூன்றிலிருந்தும் சொன்ன அன்றே மாற்றுவதாகச் சொன்னார். நைட் விஷயத்தில் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் போடாமல் பார்க்கிறேன், ஆனால் எழுதித் தரமுடியாது என்கிறார். அதை எழுத்தில் வாங்கும்வரை விடப்போவதில்லை.

அறைக்கு ட்ரே மூடி புதிதாக வருகிறது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் ஒப்புக்கொண்டார்கள். எலக்ட்ரீஷியன் ஜன்னலுக்கு மேலே, கூரைப் பக்கம் மாட்டலாம் என்கிறார். சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விதி_தெரிந்தவர்

நைட் விஷயத்தைக் கோரிக்கையாக எழுதிக் கொடுங்கள், டாக்டரின் சீட்டையும் இணையுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

பெருமாள்மலை

கூரையில் வேண்டாம் சிஸ்டர். மேலே மாட்டினால் ட்ரேயிலிருந்து கிளம்பும் நெடி நிற்கிறவரின் முகத்தைத் தாண்டித்தான் ஃபேனுக்குப் போகும். ட்ரேக்குப் பின்னால், மேஜை மட்டத்திலேயே சுவரில் துளை போட்டு மாட்டச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கக் கதவின் அடியில் காற்று நுழைய இடைவெளி விடவேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், காற்று நகராது. ஹீட்டரை அந்த அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

தியேட்டர்_சிஸ்டர் (குன்னூர்)

சரி அண்ணா. சனிக்கிழமை தியேட்டர் லிஸ்ட் இல்லை, அன்றைக்குத் துளை போடச் சொல்கிறேன்.